மேசைக்கு இந்தப் பக்கம்

பத்தொன்பது வருடம் பில் கலெக்டராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சின்னப் பேரூராட்சி, பெயர் வேண்டாம். சொத்து வரி, குழாய் வரி, சந்தைக் கடை வாடகை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் தெருமுனையில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவோம். கேட்பு ரிஜிஸ்டர் ஒரு பக்கம், ரசீது புத்தகம் ஒரு பக்கம், நடுவில் கார்பன் தாள். வந்தவர் பணத்தை வைப்பார். நான் குனிந்து எழுதுவேன், கிழித்துக் கொடுப்பேன், அடுத்தவர் வருவார். அந்த வேலையில் ஜனங்களின் முகத்தை அதிகம் பார்க்க முடியாது. கைகளைத்தான் பார்ப்போம். யார் கையில் சாயக்கறை, யார் கையில் சுண்ணாம்பு, யாருக்கு நோட்டைப் பிரிக்கும்போது விரல் நடுங்குகிறது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

ஒரு மார்ச் மாதம், தறியை விட்டு ஓய்ந்துபோன பெரியவர் ஒருவர் வரி கட்டினார். ரசீதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை. "தம்பி, எங்கப்பா காலத்துலேருந்து இந்த வீட்டுக்கு வரி கட்டறோம். எங்க தெருவுல சாக்கடை கிடையாது. விளக்கு ரெண்டு வருஷமா எரியல. இந்தக் காசு எங்க போவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அதெல்லாம் ஆபீஸ்ல கேக்கணுங்க ஐயா. நான் வாங்கிக் கட்டறதோட சரி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னால் வரிசை நின்றது. நான் அடுத்த ரசீதுக்குத் தேதி போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கேள்வி என்னை வெகுகாலம் உறுத்தவில்லை என்பதுதான் உண்மை. ஏனென்றால் எனக்கு ஒரு கருத்து இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் வேலை பார்த்தேன். சட்டம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். அதை நடத்துகிற ஆள் யோக்கியமாக இருந்தால் ஜனங்களுக்கு நியாயம் கிடைத்துவிடும். நான் யாரிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்ததில்லை. என் பங்குக்கு அது போதும் என்று நினைத்தேன். அந்தக் கருத்தைக் கலைத்தவர், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போன ஓர் அதிகாரி. பெயர் வில்லியம் பெல். பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில், மலைட்டா என்கிற தீவுக்கு மாவட்ட அதிகாரியாக இருந்தவர்.

ஓய்வுக்குப் பிறகு இரண்டாம் உலகப்போர் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். குவாடல்கனால் சண்டை அதில் பெரிய அத்தியாயம். அதற்குப் பக்கத்துத் தீவு மலைட்டா. எதற்கு இந்தப் பக்கத்துத் தீவுக்காரர்கள் போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்கள் என்று தேடப்போய், இருபது வருடம் பின்னால் நகர்ந்து, 1927-இல் ஒரு வரி வசூல் மேசையில் வந்து நின்றேன். அங்கிருந்து இன்னும் நகர முடியவில்லை.

அவர் வாக்குக் கொடுத்தால்

சாலமன் தீவுகளை பிரிட்டன் 1893-இல் தன் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. துலாகி என்ற குட்டித் தீவில் தலைமையகம். அதற்கும் மேலே பிஜியில், சுவாவில் இருந்த மேற்குப் பசிபிக் ஹைகமிஷனர். மலைட்டா சுமார் 160 கிலோமீட்டர் நீளம், நடுவில் முழுக்க மலையும் காடும், 40,000 பேர் வரை ஜனத்தொகை. அவ்வளவு பெரிய தீவுக்கு 1909-இல்தான் அவுகி என்ற இடத்தில் ஓர் அரசு நிலையம் வந்தது. ஒரு வெள்ளை அதிகாரி, உள்ளூரிலேயே எடுத்த சில டஜன் போலீஸ்காரர்கள், ஒரு படகு. அவ்வளவுதான் சர்க்கார். அங்கே பேசும் பிஜின் மொழியில் 'கவ்மன்'.

பெல் 1915-இல் அங்கே வந்தார். ஆஸ்திரேலியர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் இருந்தவர், ஒரு கை ஊனம். அதற்கு முன் தோட்டத் தொழிலாளர்களுக்கான இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். அந்த வேலையில் தோட்ட முதலாளிகளுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று, காரணம் தொழிலாளிகளை நடத்துகிற விதம் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினார். மலைட்டாவிலும் அப்படித்தான். வருகிறேன் என்று சொன்னால் வருவார். பிடிப்பேன் என்று சொன்னால் பிடிப்பார். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் குழைவதும் கிடையாது, மலைக்காரனிடம் பொய் சொல்வதும் கிடையாது. இதையெல்லாம் படித்தபோது எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. இன்னமும் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் இந்தக் கதை எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவர் வருவதற்கு முன் மலைட்டாவில் சட்டமே இல்லை என்று அன்றைய அதிகாரிகள் எழுதினார்கள். அது தவறு. குவாயோ மக்களின் மலைப்பகுதியை எடுத்துக்கொண்டால், அங்கே எது குற்றம், அதற்கு என்ன ஈடு என்பதில் சந்தேகமே கிடையாது. பன்றித் திருட்டுக்கு இவ்வளவு, வசவுக்கு இவ்வளவு என்று கிளிஞ்சல் காசிலும் பன்றியிலும் ஈடு கட்டவேண்டும். ஒருவனுடைய முன்னோரை இழுத்துத் திட்டுவது அங்கே வெறும் வாய்ச்சண்டை ஆகாது, முன்னோரே கோபித்துக்கொண்டு வீட்டில் நோயை விடுவார்கள். பெண்ணைத் தப்பான வழியில் தொட்டவனுக்கு மரணம் வரைக்கும் போகலாம். பெண்ணின் உறவினர்கள் பன்றியும் காசும் குவித்து வைத்து, கொன்று வருகிறவனுக்கு இது என்று அறிவிப்பார்கள். அதை வாங்கிப்போகிற வீரனுக்கு 'லாமோ' என்று பெயர். குயின்ஸ்லாந்து, பிஜிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வந்தவர்கள் துப்பாக்கி கொண்டுவந்த பிறகு லாமோக்களின் கை இன்னும் ஓங்கியது. அந்த ஏற்பாடு நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அதில் ஒரு பாவமும் செய்யாதவர்கள் செத்தார்கள். பழிக்குப் பழி தலைமுறை தாண்டியும் போயிற்று. உறவு பலமில்லாத குடும்பம் நிம்மதியாகத் தூங்கியிருக்காது. பெல்லின் காலத்தில் கொலைகள் குறைந்தபோது அதற்காக சந்தோஷப்பட்ட மலைட்டாக்காரர்களும் கட்டாயம் இருந்தார்கள்.

கோர்ட்டு யாரைக் காப்பாற்றியது

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரு குடும்பத்துப் பெண்ணோடு, அவள் சம்மதத்தோடேயே, ஒருவன் முறைதவறிப் பழகிவிடுகிறான். அந்தப் பெண்ணின் அண்ணன் பழைய முறைப்படி அவனைக் கொல்கிறான். பெல் போலீஸோடு மலையேறி அண்ணனைப் பிடிக்கிறார். துலாகியில் வழக்கு, சாட்சி, மொழிபெயர்ப்பாளர், எல்லாம் முறைப்படி. அண்ணனுக்குத் தூக்கு. சரி, இப்போது அண்ணன் கொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பழகியவன் மேல் என்ன வழக்கு? ஆரம்ப வருடங்களில் ஒரு வழக்கும் கிடையாது. பிரிட்டிஷ் சட்டத்தில் அது குற்றமே இல்லை. அவன் நடுத்தெருவில் நடந்துபோவான். அவன் மேல் யாராவது கைவைத்தால் கவ்மன் வந்துவிடும்.

இதை நான் நாலைந்து தடவை படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மலையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு பெல்லின் கோர்ட்டு எப்படித் தெரிந்திருக்கும்? தப்பு செய்தவனுக்குக் காவல், அதைத் தட்டிக்கேட்டவனுக்குக் கயிறு. பெரியவர்கள் பேச்சைப் பையன்கள் கேட்பதை நிறுத்தினார்கள். தோட்டத்துக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்வந்த பிள்ளைகளுக்கு எது செய்தால் கவ்மன் பிடிக்கும், எது செய்தால் பிடிக்காது என்ற கணக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. மலைட்டாக்காரர்கள் திரும்பத் திரும்ப முறையிட்டதன் பேரில்தான் 1924-இல் முறைதவறிய உறவுக்குத் தண்டனை என்று ஒரு சட்டம் வந்தது. தண்டனை சில மாதச் சிறை. ஜெயிலில் சோறு போட்டு, வேலை வாங்கி, திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு பன்றியும் கிடைக்காது, ஒரு சரம் கிளிஞ்சலும் கிடைக்காது. அவர்களுடைய கணக்கில் அந்தக் குற்றம் அப்படியே திறந்து கிடக்கும். முன்னோர்கள் இன்னும் கோபமாகவே இருப்பார்கள். வசவு வழக்கைக் கொண்டுபோனால் அதிகாரிக்குச் சின்ன விஷயமாகத் தெரியும், ஊருக்கு அது உயிர்போகும் விஷயம்.

இங்கே பெல் எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் என்ன பிரயோஜனம்? அவர் லஞ்சம் வாங்காமல், பயப்படாமல், பாரபட்சம் பார்க்காமல் நடத்தியதே அந்தச் சட்டத்தைத்தான். இன்னும் சொல்லப்போனால், சோம்பேறியான அதிகாரி ஒருவர் இருந்திருந்தால் அந்தச் சட்டம் மலை ஏறியே இருக்காது. பெல்லின் நேர்மைதான் அதை ஒவ்வொரு மலைமுகட்டுக்கும் கொண்டுசேர்த்தது. என் பழைய கருத்து இந்த இடத்தில்தான் ஆட்டம் கண்டது. என் ரசீது புத்தகத்தில் ஒரு அடித்தல்கூட இருக்காது. அதனால் அந்தப் பெரியவரின் தெருவில் விளக்கு எரிந்துவிட்டதா?

ஐந்து ஷில்லிங்

1920-களின் தொடக்கத்தில் தலைவரி வந்தது. பதினாறு வயதிலிருந்து அறுபது வயது வரை உள்ள ஆண்கள் கட்டவேண்டும். மற்றத் தீவுகளில் ஒரு பவுண்டு, மலைட்டாவில் ஐந்து ஷில்லிங். மலைட்டாக்காரர்களுக்கு இந்தச் சுமை தாங்காது என்று மேலிடத்தில் வாதாடியவர்களில் பெல்லும் ஒருவர். ஐந்து ஷில்லிங் என்பது தோட்டத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு வாங்குகிறவனுக்கு ஒரு வாரச் சம்பளம். ஆனால் மலையிலேயே இருந்து சேம்பும் கிழங்கும் பயிரிட்டுப் பன்றி வளர்க்கிறவன் கையில் ஷில்லிங் ஏது? அவனிடம் இருப்பது கிளிஞ்சல் காசு, அதை கவ்மன் வாங்காது. ஆக, வீட்டில் ஒருவனாவது தோட்டத்துக்குப் போய்த்தான் தீரவேண்டும். தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவும் அது வழி செய்தது.

வாங்கிய காசில் மலைக்கு என்ன திரும்பி வந்தது என்று கேட்டால், ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் மிஷன்காரர்கள் நடத்தியது. மருந்தும் பெரும்பாலும் அவர்கள் கொடுத்ததுதான். கவ்மன் என்றால் வருடத்துக்கு ஒரு முறை வந்து மேசை போடுவது, போலீஸ் வருவது, ஆளைப் பிடித்துப்போவது. இதை ஒரு லாமோவின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? வலுவுள்ள ஒருவன் ஆயுதக்காரர்களோடு வந்து பொருள் கேட்கிறான், கொடுக்காவிட்டால் தண்டனை. ஊரிலேயே இருந்த வலுவானவர்களை விட இவன் பெரிய வலுவானவன். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் யாரும் சொல்லவில்லை. 1927-இல் துப்பாக்கிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று பெல் சொல்லியனுப்பினார். அதோடு குவாயோ மலையில் பேச்சு வேறு திசைக்குத் திரும்பியது. பாசியானா என்ற லாமோ, பெல்லைத் தானே முடிப்பதாகச் சொல்லி ஆட்களைச் சேர்த்தார்.

க்வியாபே

1927 அக்டோபர் 4. குவாயோ பகுதியில் சினலாகு துறைமுகம், அதன் கரையில் க்வியாபே என்ற இடத்தில் வரி வசூலுக்கென்று கட்டிய ஓர் ஓலை வீடு. பெல்லும், கென்னத் லில்லிஸ் என்ற இளம் வெள்ளை உதவியாளரும், போலீஸ்காரர்களும் முந்தின நாளே படகில் வந்துவிட்டார்கள். தாக்கப்போகிறார்கள் என்ற செய்தி அவர்கள் காதுக்கு வந்துவிட்டது. போலீஸ்காரர்களே பயந்தார்கள், அவர்களும் மலைட்டாக்காரர்கள்தானே, எதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெல் என்ன செய்தார் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்திய இடம். திரும்பிப் போயிருக்கலாம். போலீஸை முன்னால் நிறுத்தி, பயனெட்டைக் காட்டி வசூல் செய்திருக்கலாம். அவர் போலீஸில் பெரும்பகுதியை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, தன் மேசையை வெளியே போடச் சொன்னார். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உட்கார்ந்தார். பயப்படவில்லை என்று காட்டவேண்டும், சண்டைக்கு வந்ததாகவும் தெரியக்கூடாது. ஆயுதங்களை ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் வாருங்கள் என்று அறிவித்தார். வரிசை வந்தது. பெயர் சொல்லி, காசு வைத்து, பட்டியலில் குறித்து, அடுத்தவர்.

பாசியானாவும் வரிசையில் வந்தார், தன் வரியைக் கட்டினார். இதை நான் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கட்டினார். ஐந்து ஷில்லிங்கும் மேசைக்கு வந்துவிட்டது, பெல்லின் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே குறியும் விழுந்துவிட்டது. சர்க்கார் கணக்கில் அந்த மனிதனுக்கு அந்த வருடம் பாக்கி எதுவும் கிடையாது. பிறகு அவர் திறந்தவெளியின் ஓரத்துக்குப் போனார். அங்கே தன் பையில் ஒரு பழைய துப்பாக்கியின் குழலை மட்டும் கழற்றி வைத்திருந்தார். அதைக் கைக்கும் உடம்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மறுபடியும் வரிசையின் ஊடே நடந்து வந்தார். பெல் அப்போது பட்டியலில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தக் கணத்தை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எழுதும்போது நாம் எப்படி உட்கார்ந்திருப்போம் என்று எனக்குத் தெரியும். இடது கை தாளை அழுத்திக்கொண்டிருக்கும். கண் போன வரிக்கும் இந்த வரிக்கும் போய் வரும். முன்னால் ஒரு நிழல் விழும், அது அடுத்த ஆள் என்று நினைத்துக்கொள்வோம், நிமிரமாட்டோம். எழுதுகிற வரியை முடிக்கவேண்டும். ஆயிரம் நிழல் என் மேல் அப்படி விழுந்திருக்கிறது. ஒருவர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தப் பெரியவர் நகராமல் நின்றபோதுதான் நிமிர்ந்தேன்.

பாசியானா இரண்டு கையாலும் குழலை ஓங்கி பெல்லின் தலையில் அடித்தார். ஒரே அடி. அதே நேரத்தில் மற்றவர்கள் வரி வீட்டின் சுவரைக் கட்டியிருந்த கொடிகளை வெட்டினார்கள், உள்ளே இருந்த போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் சிக்கிக்கொண்டார்கள். சில நிமிடங்களில் பெல், லில்லிஸ், அவர்களோடு வந்த சாலமன் தீவுக்காரர்கள் பதின்மூன்று பேர், ஆக பதினைந்து பேர் செத்துக் கிடந்தார்கள். அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. சம்பளத்துக்கு வந்தவர்கள், பெரும்பாலும் தீவின் வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள்.

பழிக்குப் பழி, முத்திரையோடு

ஆஸ்திரேலியாவிலிருந்து 'அடிலெய்ட்' என்ற போர்க்கப்பல் வந்தது. தோட்டக்கார வெள்ளையர்கள் தொண்டர் படை என்று கிளம்பினார்கள். மலையும் மழையும் வயிற்றுப்போக்கும் அவர்களைச் சீக்கிரமே திருப்பி அனுப்பின. உண்மையில் மலைக்குள் போய் வேட்டையாடியது சாலமன் தீவுப் போலீஸும், அவர்களோடு சேர்ந்த வட மலைட்டா ஆட்களும். செத்துப்போன போலீஸ்காரர்களின் அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று பலர் அதில் இருந்தார்கள். கவ்மன் அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்து அனுப்பியது. சுமார் அறுபது குவாயோ மக்கள் கொல்லப்பட்டார்கள் என்று கணக்கு. அதில் க்வியாபேவை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், பெண்கள், குழந்தைகள் உண்டு. முன்னோர் மண்டையோடுகளை வைத்து வழிபடும் இடங்களைத் தேடிப்பிடித்து உடைத்தார்கள். வழிபாட்டுப் பொருள்களை எடுத்துப்போய், மாதவிலக்கான பெண்கள் தனித்திருக்கும் குடிசைகளில் போட்டார்கள். அது எப்படிப்பட்ட தீட்டு என்று வெள்ளை அதிகாரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அந்தத் தீவிலேயே பிறந்தவனுக்குத்தான் தெரியும். எந்தப் பழிவாங்கலை ஒழிக்க பெல் பன்னிரண்டு வருடம் மலை ஏறினாரோ, அதே பழிவாங்கல் அவருடைய பெயராலேயே, சர்க்கார் செலவில் நடந்தது.

ஏறத்தாழ 200 பேரைப் பிடித்துத் துலாகிக்குக் கொண்டுபோனார்கள். அதில் முப்பது பேர் வரை சிறையிலேயே நோயில் செத்தார்கள். வழக்கு நடந்தது, ஆறு பேருக்குத் தூக்கு. பாசியானாவை 1928 ஜூன் 29 அன்று தூக்கிலிட்டார்கள். அவருடைய இரண்டு சிறு பிள்ளைகள், அனிஃபெலோவும் லாயிஃபிவானேயும், அதைப் பார்க்கும்படி நிறுத்தப்பட்டார்கள். துலாகி சிதறிப்போகும் என்று பாசியானா சாபமிட்டதாக குவாயோ மக்கள் சொல்வார்கள். 1942 மே மாதம் ஜப்பானியர் துலாகியைப் பிடித்தார்கள். போருக்குப் பிறகு தலைநகரம் ஹொனியாராவுக்குப் போய்விட்டது. சாபம் பலித்ததா என்று கேட்டால், மலையில் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிய சட்டம்

போர்க்காலத்தில் மலைட்டாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தொழிலாளர் படையில் சேர்ந்து குவாடல்கனாலில் கப்பல் சரக்கு இறக்கினார்கள். மாதம் ஒரு பவுண்டு சம்பளம். கூடவே வேலை பார்த்த அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய்களைப் பார்த்தார்கள், அவர்களோடு சாப்பிட்டார்கள், பேசினார்கள். திரும்பி வந்தவர்களிடமிருந்து 1944 வாக்கில் ஓர் இயக்கம் பிறந்தது. தெற்கே அரே அரே பகுதியில் நோரி, நோனொஓஹிமாய் போன்றவர்கள் தொடங்கியது. 'மாசினா ரூரு' என்று பெயர். மாசினா என்றால் அவர்கள் மொழியில் சகோதரன்.

அவர்கள் செய்த வேலைகளில் என்னை அதிகம் கவர்ந்தது ஒன்றுதான். தங்கள் வழக்கத்தை எழுத ஆரம்பித்தார்கள். எது குற்றம், எதற்கு எவ்வளவு ஈடு, எந்த வசவுக்கு என்ன, எந்த நிலம் யாருடையது, எந்த முன்னோர் எங்கே இருக்கிறார் என்று ஊர் ஊராகப் பெரியவர்கள் உட்கார்ந்து சொல்ல, மிஷன் பள்ளியில் எழுதப் படித்த பிள்ளைகள் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். சொந்தமாகத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தலைவர்கள் உட்கார்ந்து வழக்கு விசாரித்தார்கள், அபராதம் போட்டார்கள். தங்களுக்கென்று காவல்காரர்கள் வைத்தார்கள். தோட்டத்துக்குப் போக மறுத்தார்கள், மாதம் பன்னிரண்டு பவுண்டு கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள்.

நடந்த எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. இயக்கத்தில் சேராதவர்களை மிரட்டியதும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வருடங்களில் கவ்மனே உள்ளூர்க் கோர்ட்டு வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளை அதிகாரி ஒவ்வொரு வசவு வழக்கையும் கேட்க முடியாது, ஊர்ப் பெரியவர்கள் கேட்கட்டும் என்று போருக்கு முன்னிருந்தே அங்கங்கே ஏற்பாடு நடந்தது, அதற்குச் சட்டமும் போட்டார்கள். ஆனால் யார் உட்காருவது, எதைக் கேட்கலாம், எவ்வளவு தண்டனை என்பதெல்லாம் அதிகாரி கையில். மலைட்டாக்காரர்கள் அந்த அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. முதலில் அதிகாரிகள் ஒத்துப்போகப் பார்த்தார்கள். பிறகு 1947 ஆகஸ்ட் 31 அன்று தலைவர்களைக் கூட்டமாகக் கைதுசெய்தார்கள். குற்றச்சாட்டுகளில் ஒன்று, சட்டவிரோதமாகக் கோர்ட்டு நடத்தியது. பிரிட்டனில் ஏறத்தாழ நூற்றைம்பது வருடத்துக்கு முன் போட்ட ராஜதுரோகச் சட்டங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆறு வருடம் வரை கடுங்காவல்.

கைதானவர்களில் குவாயோ பகுதித் தலைவர்கள் இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் ஜோனதன் ஃபிஃபிஇ. 1927-இல் சின்னப் பிள்ளையாக அந்த அழிவைத் தாண்டி வந்தவர், பின்னாளில் சாலமன் தீவுச் சட்டமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தவர். இன்னொருவர் அனிஃபெலோ. ஆம், துலாகியில் அப்பாவின் தூக்கைப் பார்க்க நிறுத்தப்பட்ட அதே பையன். இடையில் அவர் அதே கவ்மனின் போலீஸில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார். எப்படி முடிந்தது என்று யோசித்து யோசித்து எனக்கு ஒரு பதில்தான் தோன்றுகிறது. அந்த மேசைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டு வந்து, தன் ஜனங்களுக்குத் தானே ஒரு கோர்ட்டு நடத்தினார். அதற்காக ஜெயிலுக்குப் போனார்.

தலைவர்களைப் பிடித்ததும் அடங்கிவிடும் என்று நினைத்தது நடக்கவில்லை. ஜனத்தொகைக் கணக்குக்குப் பெயர் கொடுக்க மறுத்தார்கள், வரி கட்ட மறுத்தார்கள், ஊரைச் சுற்றிப் போட்ட வேலியைப் பிரிக்கச் சொன்னால் மறுத்தார்கள். மறுத்தவர்களைப் பிடித்தார்கள். பிடிக்க வந்தால் ஓடவில்லை, என்னையும் எழுதிக்கொள் என்று வந்து நின்றார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் சிறையில். மொத்தத் தீவே நாற்பதாயிரம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள். ஒரு கல்லும் எறியாமல் அதைச் செய்தார்கள். இருபது வருடத்துக்கு முன் க்வியாபேயில் பதினைந்து பேரைக் கொன்று, அறுபது பேரைப் பறிகொடுத்த ஜனங்கள், இந்தத் தடவை வரிசையில் நின்றே கவ்மனைத் திணறடித்தார்கள். கடைசியில் 1950-இல் தலைவர்களை விடுவித்து, பேச்சு நடத்தி, மலைட்டாவுக்கு என்று ஒரு கவுன்சில் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 1953 தொடக்கத்தில் அது கூடியது. அதன் முதல் தலைவர் சலானா காஆ என்ற மலைட்டாக்காரர். வரியை இனி கவுன்சில் வாங்கும், வாங்கிய காசை என்ன செய்வது என்று கவுன்சில் பேசும். வெகு நாள் கட்டாமல் இருந்த பலர் அப்போது கட்டினார்கள்.

இன்றைக்கும் சாலமன் தீவுகளில் வழக்க நிலத் தகராறு என்றால் முதலில் ஊர்த் தலைவர்களிடம் போகவேண்டும், அங்கே தீராவிட்டால்தான் உள்ளூர்க் கோர்ட்டு. இது 1985-இலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. நோட்டுப் புத்தகம் எழுதியவர்களில் சிலர் அதைப் பார்க்கும்வரை உயிரோடு இருந்திருப்பார்கள்.

குவாயோ மலையில் மட்டும் விஷயம் முடியவில்லை. அவர்களுடைய முறைப்படி, செத்தவர்களுக்கு ஈடு கொடுக்காதவரை எந்தக் கொலையும் தீராது. ஆறு பேரைத் தூக்கில் போட்டதோடு கவ்மன் தன் பக்கத்துக் கணக்கை மூடிவிட்டது. அந்த அறுபது பேருக்கும், உடைந்த மண்டையோடுகளுக்கும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பத்து வருடம், இருபது வருடம், ஐம்பது வருடம் கழித்தும் கேட்டார்கள். நாடு 1978-இல் சுதந்திரம் அடைந்த பிறகும் பிரிட்டனிடம் ஈடு கேட்டார்கள். ஒவ்வொரு புது அதிகாரி வரும்போதும் அதே பாக்கியைச் சொன்னார்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த வருடமும் மார்ச்சில் வந்தார். பணத்தை எண்ணி வைத்தார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. போன மாதம் அந்தத் தெருவுக்குப் போய் அவர் வீட்டைத் தேடினேன். மகன் இருந்தார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆயிற்றாம். என்ன விஷயம் சார் என்று கேட்டார். அப்பா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார், அதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இருட்டிவிட்டது. தெருவில் விளக்கு எரிந்தது. எப்போது போட்டார்கள் என்று நான் கேட்டேன். "அப்பா போனதுக்கப்புறம்தான் சார்" என்றார்.